ஆடுகள் உண்டாக்கிய பந்தாட்டத் தரை

வேளாண்மைப் பத்திரிகையில் கோல்ப் என்னும் பந்தாட்டத்தின் பேச்சு எதற்கு என்று மிராசுதாரர்கள் வினவக்கூடும். ஆட்டத்தைப் பற்றி நாம் எழுத வரவில்லை. ஆட்டம் நடக்கும் தரையைப் பற்றியே எழுதுகிறோம்.

இங்கிலாந்தின் தென்பாகத்தில், ஸஸ்ஸெக்ஸ் ஜில்லாவில், லூயிஸ் நகருக்குக் கிழக்கே ஒரு குன்று உளது. 1896-ம் வருஷத்தில் தோன்றிய கோல்ப் சங்கத்தார் அதன்மேல் விளையாடி வருகின்றனர். அக்குன்று முழுதும் சீமைச் சுண்ணாம்புப் பாறை. மேல்மண் சில அங்குலமே. பெய்யும் மழை தேங்காது பாறைக்குள் இறங்கிவிடுவதால் மாரிக்காலத்திலும் அங்கே சேறு காண்பது அரிது. ஏர் பூட்டத் தகாத இப்பூமியை நம் கிராமக் கணக்கில் தரிசு என்றே எழுதியிருப்போம்.

ஆயினும் அது பல நூற்றாண்டுகளாக வயல்களுக்கு எரு அளித்து வந்த தரை. பகலெல்லாம் ஆடுகள் குன்றில் மேயும். மாலையில் அவற்றை இறக்கி, அடிவாரத்துக் கோதுமை, பார்லி நிலங்களில் படல் கட்டிக் கிடை அமர்த்துவர். கிடையின் பயனை நம் குடியானவர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. குன்றின் மறுபக்கத்திலுள்ள க்ளைண்ட் கிராமத்து விவசாயியாகிய ஜான் எல்மன் (1753–1832) சீர்ப்படுத்திய ஸவுத்டௌன் ஜாதி ஆடு இம்முறைக்கு மிகவும் ஏற்றதாக இருந்தது.

இவ்வாறு புல் மேலேயும் புழுக்கை கீழேயுமாகப் போகவே, குன்றின் மண்ணில் தழைச்சத்தும் மணிச்சத்தும் குன்றின. ஏழை மண்ணில் முரட்டுப் புல் ஓங்க மாட்டாது. ஆகவே பெஸ்க்யூ என்னும் ஊசிப் புல்லும், தைம் போன்ற வாசனைப் பூண்டுகளும் நெருங்கிப் படர்ந்து மெத்தை போலாயின. நல்ல இடங்களில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைத் தாவரங்கள் வரை எண்ணலாம். பந்தாட்டக்காரருக்கு வாய்த்த தரை இதுவே.

1939-ல் தொடங்கிய யுத்தத்தில் தானியத்துக்காக இத்தகைய குன்றுகளில் பெரும்பகுதி உழப்பட்டது. பின்னர் செயற்கை உரம் வந்து மேலும் உழுதனர். உழாத சரிவுகளில் ஆடும் இல்லாதொழிந்தது. புல்லைக் கடித்து வந்த முயல்களும் 1953-ல் புகுந்த கொள்ளை நோயால் மடிந்தன. உடனே முட்புதர் ஏறிற்று. உழவிற்குத் தப்பிய கோல்ப் மைதானங்களின் ஓரங்களில், பந்து செல்லாத இடங்களில், பழைய புல் இன்றும் காணப்படுகிறது.

இதனால் கோல்ப் ஆட்டமே புல்லைக் காத்தது என்று கூறுதல் மிகையாகும். ஆடு புல்லைத் தின்று சத்தை அப்புறம் கொண்டுபோயிற்று; இயந்திரமோ வெட்டிய புல்லை அங்கேயே உதிர்க்கிறது. அதை வாரி அகற்றாவிடின் மண் கொழுத்து, முரட்டுப் புல் எழுந்து, சிறு பூண்டுகளை நெரித்துவிடும். உரமிட்டாலோ கேடு இன்னும் விரைவில் வரும். பயிர்த்தொழிலில் ஊறிய நமக்கு இது விபரீதமாகத் தோன்றும். அம்மண்ணுக்கோ பசியே பத்தியம்.

2010-ம் வருஷத்தில் இக்குன்றுத் தொடர் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. மைதானத்தை அடுத்துக் காக்கப்படும் சரிவுகளில் மீண்டும் ஆடுகள் மேய்கின்றன. ஆனால் மாலையில் அவற்றைக் கிடைக்கு இறக்கும் வழக்கம் இப்பொழுது இல்லை. புழுக்கை குன்றிலேயே தங்கிவிடுகிறது.