பழைய கார் ஸ்டீரியோவில் போன் பாட்டு: ஒயரை வெட்டும் முன் இதைப் பாருங்க!

செகண்ட் ஹேண்டில் பழைய கார் வாங்கும் பலர், முதல் வாரமே கார் ஆக்சஸரீஸ் கடைக்குப் போய் நிற்கிறார்கள். கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு டச் ஸ்கிரீன் மாட்ட வேண்டும். காரணம் ஒன்றுதான்: ‘போன்ல இருக்கிற பாட்டு இதுல வரமாட்டேங்குது’. ஆனால் பல ஸ்டீரியோக்களில் அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. இல்லாவிட்டாலும் சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும்.

ப்ளூடூத் இருக்கு, பாட்டு மட்டும் வரலையா?

கால் வந்தால் கார் ஸ்பீக்கரில் கேட்கும். பாட்டு போட்டால் போனிலேயே பாடும். இது ரிப்பேர் இல்லை. ப்ளூடூத்தில் காலுக்கு ‘ஹெச்.எஃப்.பி’, இசைக்கு ‘ஏ2டிபி’ என இரண்டு தனித்தனி முறைகள் உண்டு. பழைய ஸ்டீரியோ சிலவற்றில் முதலாவது மட்டுமே இருக்கும். போனின் ப்ளூடூத் செட்டிங்ஸில் கார் பெயரைத் தொட்டு, ‘மீடியா ஆடியோ’ இருக்கிறதா பாருங்கள். ஆஃபில் இருந்தால் ஆன் செய்தால் போதும். அந்த ஆப்ஷனே இல்லையென்றால், அடுத்த வழிக்குப் போகலாம்.

ஆக்ஸ்: சின்ன ஓட்டை, பெரிய உதவி

இயர்போன் சொருகுவது போன்ற 3.5 மி.மீ. ஓட்டைதான் ஆக்ஸ். ஸ்டீரியோ முகப்பு, கியர் அருகே, டேஷ்போர்டு பெட்டிக்குள் என எங்கேயும் ஒளிந்திருக்கலாம். ஒரு கேபிள் போதும். போனில் இயர்போன் ஜாக் இல்லாவிட்டால், ஆக்ஸில் சொருகும் ப்ளூடூத் ரிசீவர் வாங்கலாம்.

போன் வால்யூமை முக்கால் அளவுக்கு மேல் வைத்துவிட்டு, மீதியை ஸ்டீரியோவில் ஏற்றுங்கள். போனில் குறைத்து ஸ்டீரியோவில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும்.

ஆக்ஸிலேறும்போது கூடவே ‘ங்ங்’ என்று சத்தமும் ஏறுகிறதா? போனை கார் சார்ஜரிலிருந்து கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் அது ‘கிரவுண்ட் லூப்’. சார்ஜர் வழியாகவும் ஆக்ஸ் வழியாகவும் எர்த் இணைப்பு சுற்றிவருவதால் வரும் தொல்லை. ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்ற சின்னக் கருவியை ஆக்ஸ் கேபிள் நடுவே மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

யுஎஸ்பியில் சார்ஜ் மட்டும் ஏறுதா?

பழைய ஸ்டீரியோவுக்கு பென் டிரைவ்தான் புரியும். ஆண்ட்ராய்டு போன் ஃபைல்களைக் காட்டும் முறை புரியாது. ‘ஃபேட்32’ ஃபார்மேட்டில் உள்ள பென் டிரைவில் எம்பி3 பாடல்களை ஏற்றுங்கள். 32 ஜிபி அல்லது அதற்குக் குறைவாக வாங்கினால் தலைவலி குறைவு. ஸ்ட்ரீமிங் ஆப்பில் டவுன்லோடு செய்த பாடல்கள் இதற்கு உதவாது. அவை அந்த ஆப்புக்குள் மட்டும்தான் பாடும்.

எதுவுமே இல்லையென்றால்?

12 வோல்ட் சாக்கெட்டில் சொருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது. போன் பாட்டை ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷன் போல அனுப்பும். ஸ்டீரியோவில் அதே அலைவரிசையை வைத்தால் கேட்கும். 93.5, 98.3, 106.4 என ஸ்டேஷன்கள் நெருக்கியிருக்கும் சென்னையில் காலி இடம் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஊர் தாண்டினால் மறுபடியும் மாற்ற வேண்டிவரும். ஒலித்தரமும் ஆக்ஸ் அளவுக்கு வராது. கேசட் ஸ்டீரியோ என்றால், கேசட் வடிவ அடாப்டர் இன்னும் தெளிவாகப் பாடும்.

ஒயரை ஏன் வெட்டக் கூடாது?

சரியாக இன்சுலேஷன் செய்யாத ஒயர் ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போகலாம். மோசமானால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. வாரன்டி மிச்சம் இருக்கும் காரில், அந்த ஒயரிங் பழுதுக்கு கம்பெனி கைவிரிக்கலாம். ஸ்டீரிங் பட்டன்களும் வேலை செய்யாமல் போகலாம். ஸ்டீரியோவை மாற்றியே தீருவேன் என்றால், உங்கள் கார் மாடலுக்கான கப்ளர் கேட்டு வாங்குங்கள். வெட்டாமல் சொருகலாம்; காரை விற்கும்போது பழையதைத் திரும்ப மாட்டலாம்.

எந்த வழியாக இருந்தாலும், வண்டியை எடுக்கும் முன்பே ப்ளேலிஸ்ட்டை ஓடவிடுங்கள். போனைக் கையில் பிடித்தபடி ஓட்டுவதை 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு ஆபத்தான டிரைவிங் என்றே சொல்கிறது. பாட்டு மாற்ற வேண்டுமா? பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கொடுங்க. தனியாகப் போனால், ஓரங்கட்டி மாத்துங்க.