சுருக்கிய இரைப்பையும் தண்ணீர்க் கணக்கும்

எடை குறைய இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுக்கும் 'ஸ்லீவ்' அறுவை சிகிச்சை செய்துகொண்டவன் நான். சமணத்தில் புறத்தவம் ஆறு. அதிலொன்று அவமோதரியம், வயிறு நிரம்புமுன் இலையைவிட்டு எழுவது. பழகினதுதானே என்றிருந்தேன். உணவில் சிரமமில்லை. முதலில் நீராகாரம், பிறகு மசித்த பருப்பு, மாதம் கடந்து கெட்டி உணவு. தண்ணீரில்தான் தவறினேன்.

சாப்பாட்டோடு நீர் கூடாது. பிறகும் அரைமணி பொறுக்கணும். மடமடவென்று குடித்தால் நெஞ்சை அடைக்கும். சிறுசிறு வாயாக நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டராவது போகணும். பொழுது சாய்ந்தால் நீரும் தொடாதவனுக்கு இருப்பது 12 மணி நேரம். மணிக்கு 125 மில்லி. வியாபார மும்முரத்தில் கணக்கு தப்பும். போதாக்குறைக்கு தசலட்சண நாளில் நீரில்லா உபவாசம் இருந்து மயங்கி விழுந்தேன். மருத்துவர் திட்டினது நியாயந்தான்.

தட்டில் முதலில் பருப்பு, பன்னீர், தயிர், சோறு கடைசி. புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். நம்மைப்போன்ற சைவர்களுக்குப் பி12 மாத்திரை ஆயுளுக்கும் வேண்டும். நடை மறுநாளே தொடங்கலாம். மூட்டை தூக்குவது ஒன்றரை மாதத்துக்கு ஆகாது.

விரதத்தைத் தளர்த்தலாமா என்று வீட்டில் இன்னும் வாதம் நடக்குது. நான் இரவிலும் தண்ணீர் குடிக்கிறேன்.