வண்டிச் சாலையில் ஓட்டம்

கொழும்பு உத்தியோகஸ்தன் புதிய நாட்காட்டியைக் கையில் எடுத்ததும் முதன்முதலில் ஆராய்வது, எந்தெந்தப் போயா தினம் வெள்ளியிலோ திங்களிலோ வந்து விழுகிறது என்பதைத்தான். அவ்வாறு வாய்த்த ஒரு நீண்ட விடுமுறையில், பொரளை கெம்பல் பார்க்கை விடியற்காலைதோறும் சுற்றிச் சுற்றிச் சலித்துப்போன சிநேகிதர்கள் சிலர் சேர்ந்து, மருதானையில் ரயிலேறிக் கண்டிக்குச் சென்று, ஹந்தானையிலிருந்து கலஹா வழியாக லூல்கந்துரைத் தோட்டம் வரையில் மலைப்பாதையிலே ஓடுவதென்று சங்கற்பம் செய்துகொண்டோம்.

பெக்கோ ட்ரெயில் என்று இப்போது பிரசித்தி பெற்றுவரும் பாதையின் ஆரம்பப் பகுதி அது. இலங்கையில் வாழும் மிகுவேல் குனாட் என்னும் ஸ்பானியர் திட்டம் வகுக்க, ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பொருளுதவி புரிய உருவான இப்பாதை, ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல முதலிய பிரதேசங்களைத் தொட்டு நுவரெலியாவில் முடிவுறுகிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். ஆனால் இதற்கென்று புதிதாக மலையை வெட்டினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கொழுந்தையும் தேயிலைப் பெட்டிகளையும் ஏற்றியிறக்க வெள்ளைக்காரர் காலத்தில் போட்ட வண்டிச் சாலைகளும் தோட்டத்துக் குறுக்குப் பாதைகளுமே பெரும்பாலும் இவ்வாறு இணைக்கப்பட்டிருக்கின்றன. பாரவண்டியை மாடு இழுத்தாக வேண்டுமென்பதற்காக, சாலை மலையை நேருக்கு நேர் எதிர்க்காமல் அதன் இடுப்பைச் சுற்றி வளைந்து வளைந்து மெதுவாக உயர்கிறது. மாட்டுக்குச் செய்த அந்தத் தயவு, ஒன்றரை நூற்றாண்டு கழித்து எங்கள் முழங்கால்களுக்குக் கிடைத்தது. அட்டைகளிடம் மட்டும் தயவு கிடையாது. சவர்க்காரம் பூசிய கால்களையும் அவை பொருட்படுத்தவில்லை.

சனிக்கிழமை முற்பகலில், கலஹாவுக்கு அப்பால், முதுகில் கூடையுடன் கொழுந்து மடுவத்தை நோக்கி நடந்த வயோதிக அம்மையார் ஒருவர் எங்களைக் கண்டு ஒதுங்கி நின்று, “ஏன் தம்பிமாரே, யாராச்சும் தொரத்துறாங்களா?” என்று கேட்டார். “இல்லையம்மா, உடம்புக்கு நல்லதென்று ஓடுகிறோம்” என்றார் எங்களுள் ஒருவர். அம்மையார் சிரித்த சிரிப்பிலே பரிகாசம் இருந்ததென்று சொல்ல மாட்டேன்; ஆச்சரியம் இருந்தது. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ அளவில் கொழுந்து கேட்கிறார்கள். அதை எடுத்துச் சரிவில் ஏறி இறங்குகிறவருக்குத் தேகப்பயிற்சி என்பது விசித்திரமாகத்தான் தோன்றும்.

லூல்கந்துரையில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். இரண்டாண்டுகளில் காப்பிச் செடியை இலைநோய் பற்றிக்கொள்ள, தேயிலை அரசாளத் தொடங்கிற்று. கண்டிக்கு ரயில் வந்ததும் அதே 1867இலேதான். அதற்கு முன்பெல்லாம், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, கொலராவும் மலேரியாவும் வழியெங்கும் பலிகொள்ள, காட்டினூடே மாத்தளை வரை கால்நடையாகவே வந்தார்கள். அவர்கள் வரவின் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் மறுபடியும் நடந்தார்கள். இந்நாட்டின் நெடும்பாதைகளுள் எதற்கேனும் முதன்மை கொடுக்க வேண்டுமானால், நான் அந்தப் பாதைக்கே கொடுப்பேன். பெக்கோ அதன் பின்னர்தான்.

இருந்தாலும் போய் ஓடுங்கள்; போட்டிக்காக அல்ல, நின்று பேசக்கூடிய வேகத்தில் ஓடுங்கள். கொழுந்தெடுப்பவர்களைக் கேளாமல் படம் பிடிக்க வேண்டாம். சோற்றுப் பொட்டலத்தைக் கொழும்பிலிருந்தே கட்டிக்கொண்டு போகாமல், லயத்தடிக் கடையில் ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் வாங்கிச் சாப்பிட்டு, காசை அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.