கத்ரி கோபால்நாத்

கத்ரி கோபால்நாத் (1949 – அக்டோபர் 11, 2019) கருநாடக இசையைச் சாக்சபோனில் வாசித்துப் புகழ்பெற்ற இசைக்கலைஞர் ஆவார். இராணுவ வாத்தியக் குழுக்களிலும், அமெரிக்காவின் ஜாஸ், ரிதம் அண்டு புளூஸ் இசைகளிலும் வழங்கிவந்த இக்கருவியைக் கருநாடக இசைக் கச்சேரியின் முதன்மைக் கருவியாக நிலைபெறச் செய்தார்.

இளமையும் இசைப் பயிற்சியும்

கோபால்நாத் கர்நாடக மாநிலத்தின் தட்சிண கன்னட மாவட்டத்தில் பிறந்தார். இவருடைய தந்தை தனியப்பா நாதசுவரக் கலைஞர். கோபால்நாத் முதலில் தந்தையிடம் நாதசுவரம் கற்றார். இளம் வயதில் மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவினர் சாக்சபோன் வாசித்ததைக் கேட்டு, அக்கருவியையே கற்க முடிவு செய்தார். மங்களூரில் என். கோபாலகிருஷ்ண ஐயரிடம் பயின்றார். பின்னர் சென்னையில் மிருதங்க வித்துவானும் பாடகருமான டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் பயிற்சி பெற்றார். கருவியைத் தன் வசப்படுத்த ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

கருவியும் கமகமும்

சாக்சபோனைப் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ் உருவாக்கி, 1846 இல் காப்புரிமை பெற்றார். உடல் பித்தளையால் ஆனது. ஆனால் ஒலி பிறப்பது ஊதுவாயில் உள்ள ஒற்றைச் சீவாளியின் அதிர்வால். குழலின் துளைகளை விரல்கள் நேரடியாக மூடுவதில்லை. சாவிகளை அழுத்தும்போது, அவற்றோடு இணைந்த மூடிகளே துளைகளை மூடித் திறக்கின்றன.

இதில்தான் சிக்கல் இருந்தது. நாதசுவரக் கலைஞர் துளையை விரலால் பாதி மூடியும் மூச்சை மாற்றியும் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல முடியும். சாக்சபோனின் மூடிகளோ சுரங்களைத் தனித்தனிப் படிகளாகப் பிரித்துத் தருபவை. புளூஸ் வாசிப்பவர்களும் உதட்டின் அழுத்தத்தால் சுரத்தை வளைப்பதுண்டு. ஆனால் கருநாடக இசையில் அசைவு வெறும் அழகுக்காக வருவதன்று. தோடி போன்ற இராகத்தில் கமகத்தை நீக்கிவிட்டால் இராகமே தெரியாது.

உதடு, நாக்கு, மூச்சு ஆகியவற்றின் கட்டுப்பாட்டாலும், சாவிகளை அழுத்தும் முறையாலும் கோபால்நாத் இக்குறையைக் கடந்தார். கருவியிலும் தமக்கு ஏற்ற சில மாற்றங்களைச் செய்துகொண்டார். நாதசுவரப் பயிற்சி இதற்குப் பெரிதும் துணைநின்றது. வயலினும் கிளாரினெட்டும் இவ்வாறே மேனாட்டிலிருந்து வந்து நம் இசைக்கு உரியவை ஆனவை என்பது இங்கு நினைக்கத்தக்கது.

கச்சேரிகளும் வெளிநாட்டுத் தொடர்பும்

சென்னையில் செம்பை நினைவு அறக்கட்டளையின் ஆதரவில் இவர் வாசித்த கச்சேரி இசை உலகின் கவனத்தைப் பெற்றது. 1980 இல் பம்பாய் ஜாஸ் விழாவில் இவரது வாசிப்பைக் கேட்ட அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ஜான் ஹேண்டி, இவருடன் சேர்ந்து வாசித்தார். 1994 இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பிபிசி நடத்தும் புரோம்ஸ் இசை விழாவில் வாசித்தார். அமெரிக்க வாழ் இந்திய வம்சாவளிக் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுடன் இணைந்து உருவாக்கிய 'கின்ஸ்மென்' இசைத்தொகுப்பு 2008 இல் வெளியானது. வயலின் கலைஞர் அ. கன்யாகுமரி பல மேடைகளில் இவருடன் வாசித்துள்ளார்.

திரைப்படம்

1994 இல் கே. பாலச்சந்தர் இயக்கத்தில் வெளிவந்த 'டூயட்' படத்தில் நடிகர் பிரபு சாக்சபோன் கலைஞராக நடித்தார். ஏ. ஆர். ரகுமான் இசையில் அப்படத்துக்காகச் சாக்சபோன் வாசித்தவர் கோபால்நாத். சபாக்களுக்குச் செல்லாத தமிழ் மக்களிடமும் இக்கருவியின் ஒலியை அப்படம் கொண்டு சேர்த்தது.

விருதுகளும் மறைவும்

தமிழக அரசின் கலைமாமணி விருதும், 2004 இல் இந்திய அரசின் பத்மசிறீ விருதும் இவருக்கு வழங்கப்பட்டன. 2019 அக்டோபர் 11 அன்று மங்களூரில் காலமானார். இவருடைய மகன் மணிகாந்த் கத்ரி திரைப்பட இசையமைப்பாளர். கோபால்நாத்தைப் பின்பற்றி மாணவர் பலர் சாக்சபோனில் கீர்த்தனைகள் வாசிக்கக் கற்றனர். இன்று கோயில் விழாக்களிலும் திருமணங்களிலும் சாக்சபோனில் கருநாடக இசை ஒலிப்பது எவருக்கும் புதுமையாகத் தோன்றுவதில்லை.