மிதித்தும் வண்டி எடுக்கவில்லையா?

உழவர் பெருமக்களே, தக்காளி ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிறீர்கள். ஊர்ப்பாதையிலிருந்து மெயின் ரோட்டில் ஏற ஆக்ஸிலேட்டரை மிதித்தால், பிக்கப் வண்டி யோசித்துவிட்டுத்தான் கிளம்புது. எதிரே பஸ் வந்தால் அந்த ஒரு நொடி போதும், உயிருக்கே ஆபத்து. உடனே "பம்ப் போச்சு" என்பார்கள். பணத்தை நீட்டுமுன் புகையைப் பாருங்கள்.

டர்போ உள்ள டீசல் வண்டி சற்றுத் தாமதித்து எடுப்பது இயல்பு. தாமதம் புதிதாகக் கூடியிருந்தால்தான் கோளாறு. கரும்புகை வந்தால் பெரும்பாலும் எஞ்சினுக்குக் காற்று போதவில்லை. நம்ம பக்கத்துச் செம்மண் புழுதி ஏர் பில்டரைச் சீக்கிரம் அடைச்சிடும், அதை மாற்றுங்கள். பிறகும் சரியாகாவிட்டால், எஞ்சின் ஆறியதும் டர்போவின் ரப்பர் ஹோஸைத் தடவிப் பாருங்கள். வெடிப்போ, கிளாம்ப் தளர்வோ இருந்தால் காற்று அங்கேதான் ஓடுது. மிதிக்கும்போது 'உஸ்' சத்தமும் கேட்கும்.

புகையில்லாமல் இழுவை குறைந்தால் டீசல் வரத்தைப் பாருங்கள். டீசல் பில்டரின் அடித்திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடியுங்கள். பில்டர் பழசானால் மாற்றுங்கள். இன்ஜெக்டர் குழாயை மட்டும் நீங்களாகக் கழற்ற வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலையே துளைத்துவிடும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் பெரும்பாலும் புகை வடிகட்டி உண்டு, அதனால் புகை தெரியாது. அந்த வடிகட்டி அடைத்தாலும் வண்டி மந்தமாகும். மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்புக்கே விடுங்கள்; பெடல் சென்சார் கோளாறும் அதில்தான் தெரியும்.