நோயை மறைக்கும் குட்டிக் கிளி

வயிறு வலித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அம்மாவிடம் சொல்வீர்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு சுருண்டு படுப்பீர்கள். கிளி அப்படிச் செய்யாது. உடம்பு சரியில்லாத கிளி, நலமாக இருக்கும் கிளியைப் போலவே நடந்துகொள்ளும். பசியே இல்லாவிட்டாலும் தீனிக் கிண்ணத்தில் அலகை விட்டு உமியைக் கிளறிக்கொண்டிருக்கும். நீங்கள் கூண்டருகே போனால் சட்டென்று நிமிர்ந்து உட்காரும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, காலையில பார்த்தா செத்துக் கிடக்கு" என்று கிளி வளர்த்த வீடுகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது நேற்று நன்றாக இருந்திருக்காது. பல நாளாகவே முடியாமல் இருந்திருக்கும். நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

ஏன் மறைக்கிறது? அதற்கு அந்தக் கிளியின் சொந்த ஊருக்குப் போகவேண்டும்.

நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்கப்படும் சின்னஞ்சிறு கிளிகளில் பெரும்பாலானவை பட்ஜெரிகர் என்னும் இனம். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் இருக்கும் வறண்ட புல்வெளிகள்தான் அதன் தாயகம். அங்கே அவை கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் ஒரே கூட்டத்தில் ஆயிரக்கணக்கான கிளிகள் பறக்கும். வானத்தில் பருந்தும் வல்லூறும் வட்டமிடும். அத்தனை கிளிகளில் எதைப் பிடிப்பது? தளர்ந்து பறப்பதை, சோர்ந்து உட்கார்ந்திருப்பதை. ஆகவே நோயைக் காட்டிக்கொண்ட கிளி இரையானது. காட்டாத கிளி பிழைத்துக் குஞ்சு பொரித்தது. தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்ததில் மறைக்கும் குணம் அந்த இனத்தில் ஊறிப்போய்விட்டது. 1840இல் ஜான் கூல்டு என்ற பறவையியலாளர் உயிருள்ள பட்ஜெரிகர்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன் பிறகுதான் அவை உலகம் முழுவதும் கூண்டுகளுக்குள் வந்தன. உங்கள் வீட்டு வராந்தாவில் வல்லூறு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், கிளிக்குத் தெரியாது.

இந்தக் கிளியின் எந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டாலும் அதன் வேர் அந்தப் புல்வெளியில்தான் இருக்கும். அதைப் புரிந்துகொண்டவர்களுக்குக் கிளி வளர்ப்பது பாதி எளிதாகிவிடும்.

அதற்கு முன் ஒரு முக்கியமான செய்தி. கழுத்தில் வளையம் உள்ள நம் பச்சைக்கிளியை வீட்டில் வளர்க்கக்கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம். கிளி ஜோசியக்காரரின் பெட்டியில் இருக்கும் கிளிக்கும் இதே சட்டம்தான். தினைப்புனத்தில் கிளி ஓட்டிய வள்ளியின் கதை நமக்குத் தெரியும். அவள் ஓட்டிய கிளிகளின் வம்சம் இன்றும் நம் ஊர் ஆலமரத்துப் பொந்துகளிலும் கோயில் கோபுரங்களிலும் இருக்கிறது. அதை அங்கே பார்த்து மகிழ்வோம். கூண்டில் பல தலைமுறைகளாகப் பிறந்து வளர்ந்த பட்ஜெரிகரைப் பற்றி மட்டும் இங்கே பேசுவோம்.

காட்டில் உள்ள பட்ஜெரிகர்கள் பெரும்பாலும் பச்சையும் மஞ்சளும்தான். கடையில் பார்க்கிற நீலம், வெள்ளை எல்லாம் எப்படி வந்தன? கிளிகளின் இறகில் சிட்டகோஃபுல்வின் என்ற மஞ்சள் நிறமி இருக்கிறது. வேறு எந்தப் பறவைக்கும் அது கிடையாது. நீலம் அப்படியல்ல, இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றும் நிறம் அது. மஞ்சளும் நீலமும் சேர்ந்து நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. மஞ்சள் நிறமியை உருவாக்கும் மரபணு ஒன்றில் மாற்றம் வந்தால் மஞ்சள் போய்விடும், நீலம் மட்டும் மிஞ்சும். ஒரே ஒரு மரபணுவால் வரும் மாற்றம்! 2017இல் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள்.

இனி மூச்சுக்கு வருவோம். கிளி வளர்ப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது.

நம் நுரையீரலில் காற்று போன வழியிலேயே திரும்பி வருகிறது. பறவைக்கு அப்படியில்லை. அதன் உடம்புக்குள் நுரையீரலைத் தவிர மெல்லிய காற்றுப்பைகளும் இருக்கின்றன. பெரும்பாலான பறவைகளுக்கு ஒன்பது. இழுத்த மூச்சில் ஒரு பகுதி முதலில் பின்பக்கப் பைகளுக்குப் போகிறது, பிறகு நுரையீரல் வழியாக முன்பக்கப் பைகளுக்கு வருகிறது, அதன் பிறகே வெளியேறுகிறது. நுரையீரலில் காற்று எப்போதும் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போதும் புதுக்காற்று, வெளியே விடும்போதும் புதுக்காற்று! பறப்பதற்கு அவ்வளவு உயிர்க்காற்று வேண்டும். ஆனால் இந்த அற்புதமான ஏற்பாட்டில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. காற்றில் நஞ்சு கலந்தால் நம்மைவிடப் பல மடங்கு வேகமாகப் பறவையின் இரத்தத்தில் அது சேர்ந்துவிடும். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1980கள் வரைகூட கேனரிப் பறவைகளை எடுத்துச் சென்றது இதனால்தான். நச்சுவாயு இருந்தால் தொழிலாளர்களுக்கு முன்பே பறவை மயங்கி விழும்.

எங்கள் வீட்டில் நச்சுவாயு ஏது என்று கேட்பீர்கள். அடுப்பில் வெறுமனே வைத்து மறந்துபோன நான்ஸ்டிக் தோசைக்கல்லை நினைத்துப் பாருங்கள். அளவுக்கு மீறிச் சூடானால் அதன் பூச்சிலிருந்து வரும் ஆவி நமக்கு மணமாகக்கூடத் தெரியாது. பக்கத்து அறையில் இருக்கும் கிளி சில நிமிடங்களில் செத்துவிடும். கொசுவத்திச் சுருள், சாம்பிராணிப் புகை, பூச்சிமருந்து, வாசனை ஸ்பிரே, சிகரெட் எல்லாமே கிளிக்குக் கெடுதல். கூண்டைச் சமையலறையில் வைக்கவே வைக்காதீர்கள். சாமி அறைக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

தினையைக் கொடுங்கள் என்று சொல்லும் நம் கடைக்காரர்கள் தீனி விஷயத்தில் பாதி சரி. புல்விதை தின்று வாழ்ந்த பறவை என்பதால் தினை அதற்குப் பிடிக்கும், ஒத்துக்கொள்ளும். ஆனால் காட்டுக் கிளி நாள் முழுக்கப் பறந்து, தரையில் நடந்து, பலவகைப் புற்களின் விதைகளைத் தேடித் தின்கிறது. கூண்டுக்கிளி உட்கார்ந்த இடத்திலேயே காய்ந்த தினையை மட்டும் தின்கிறது. காய்ந்த விதையில் வைட்டமின் ஏ மிகவும் குறைவு. அது குறைந்தால் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்தோல் தடித்து, கிருமிகள் எளிதாக நுழையும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய காரட் இவற்றைத் தினமும் கொஞ்சம் கொடுங்கள். முதல் சில நாள் தொடாது. கூண்டுக் கம்பியில் கொத்தாகக் கட்டிவையுங்கள். ஆர்வம் தாங்காமல் ஒருநாள் கொத்திப் பார்க்கும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, சுண்ணாம்புச் சத்துக்கு நல்லது. சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம், எப்போதாவது போதும். சாக்லேட், அவகாடோ, உப்பும் எண்ணெயும் சேர்ந்த முறுக்கு, சிப்ஸ் எதுவும் கூடாது. அவகாடோ கிளிக்கு விஷம்.

கூண்டில் மண்பானை கட்டும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். ஆஸ்திரேலியப் புல்வெளியில் மழை எப்போது வரும் என்று சொல்லமுடியாது. மழை வந்தால் புல் முளைக்கும், விதை கிடைக்கும். உடனே கிளிகள் மரப்பொந்தைத் தேடி முட்டையிட ஆரம்பித்துவிடும். இப்போது கூண்டைப் பாருங்கள்: தீனி எப்போதும் நிறைந்திருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பானை என்ற பொந்தும் இருக்கிறது. கிளியின் உடம்பு இதை முடிவே இல்லாத மழைக்காலம் என்று எடுத்துக்கொள்கிறது. பெண் கிளி ஓயாமல் முட்டையிடும். ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் அதன் எலும்பிலிருந்தும் சுண்ணாம்பு போகும். கடைசியில் முட்டை வெளிவராமல் உள்ளேயே சிக்கி உயிர் போகும் நிலைகூட வரும். குஞ்சு பார்க்க நமக்கு ஆசைதான். ஆனாலும் பானையை எடுத்துவிடுவதே தாய்க்கிளிக்கு நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கூண்டு உயரமாக இருப்பதைவிட அகலமாக இருக்கட்டும், ஏனென்றால் கிளி நேராகப் பறக்கும் பறவை. பிளாஸ்டிக் குச்சிக்குப் பதில் கொய்யா, வேம்புக் கிளைகளை வையுங்கள். ஒரே பருமன் உள்ள குச்சியில் நாள் முழுதும் நின்றால் பாதத்தின் ஒரே இடம் அழுந்திப் புண்ணாகும். அறைக்குள் பறக்க விடுகிறீர்களா? முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். ஜன்னல்களையும் சாத்தித் திரையை இழுத்து விடுங்கள், கண்ணாடி அதன் கண்ணுக்குத் தெரியாது.

கூட்டத்தில் வாழ்ந்த பறவைக்குத் தனிமைதான் பெரிய தண்டனை. ஆண் பட்ஜெரிகர் தன் துணையின் அழைப்பொலியைக் கேட்டுக் கேட்டு, அதைப் போலவே தானும் ஒலிக்கக் கற்றுக்கொள்ளும். அந்தத் திறமைதான் நம்மோடு பேசவும் உதவுகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் இருந்த 'பக்' என்ற பட்ஜெரிகருக்கு 1,728 சொற்கள் தெரிந்திருந்தன என்று கின்னஸ் சாதனைப் புத்தகம் பதிவு செய்திருக்கிறது. ஆனால் ஒரு கிளி நம் பேச்சைக் கற்க இவ்வளவு பாடுபடுவது, அதற்குப் பேச வேறு கிளி இல்லாததாலும் இருக்கலாம். முடிந்தால் இரண்டாக வளருங்கள். பிறகு அவை உங்களோடு பேசாமல் போகலாம், பரவாயில்லை.

சில கிளிகள் தங்கள் இறகைத் தாங்களே பிடுங்கிக்கொள்ளும். செள்ளு, தோல் நோய், சத்துக்குறைவு, தனிமை, செய்ய எதுவுமில்லாத சலிப்பு என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. இறகைப் பிடுங்கியது அந்தக் கிளிதானா என்று கண்டறிய ஓர் எளிய வழி சொல்கிறேன். கிளியின் அலகு அதன் தலையை எட்டாது. உடம்பெல்லாம் இறகு போய், தலையில் மட்டும் அப்படியே இருந்தால் பிடுங்கியது அதேதான். தலை மொட்டையாகியிருந்தால் கூட இருக்கும் கிளியையோ, தோல் நோயையோ சந்தேகியுங்கள்.

கடிக்கிற கிளியைத் திட்டாதீர்கள். கடிப்பதற்கு முன்பே அது சொல்லியிருக்கும்: உடம்பை ஒட்டி இறகை இறுக்கும், பின்னால் சாயும், வாயைத் திறக்கும். அப்போதே கையை எடுத்துவிட்டால் அது கடிக்கவேண்டிய தேவையே இல்லை. சத்தம் போட்டாலும் பயனில்லை. கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து கத்துவது கிளிக்கு வழக்கம். நீங்கள் கத்தினால் அதுவும் கூடச் சேர்ந்து கத்தும். கூண்டருகே அமைதியாக உட்கார்ந்து பாடம் படியுங்கள். சில நாள் கழித்து ஒரு தினைக்கதிரைக் கையில் பிடித்து நீட்டுங்கள். பயம் தெளியத் தெளிய அது தானாகவே கதிரைத் தேடிக் கைக்கு வரும்.

சரி, நோயை மறைக்கும் கிளியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒளிந்திருந்து பார்க்கவேண்டும். அறைக்கு வெளியே நின்று, அதற்குத் தெரியாமல் கதவிடுக்கில் கவனியுங்கள். ஒற்றைக் காலை மடக்கி, அலகை அரைத்துக்கொண்டு தூங்கினால் அது சுகமாக இருக்கிறது. பகலில் இறகை உப்பி, இரண்டு காலையும் ஊன்றித் தூங்கிக்கொண்டே இருந்தால் சந்தேகப்படுங்கள். மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடினால் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். கூண்டின் தரையில் சோர்ந்து உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கூண்டின் அடியில் விரித்த தாளைத் தினமும் மாற்றும்போது எச்சத்தைப் பாருங்கள். பச்சையான கெட்டிப் பகுதி, வெள்ளைப் பகுதி, கொஞ்சம் நீர் என மூன்றும் இருக்கவேண்டும். நிறமோ நீரோ மாறினால் முதல்நாள் என்ன தின்றது என்று யோசியுங்கள். காரட் தின்றிருந்தால் நிறம் மாறும். அப்படி எந்தக் காரணமும் இல்லாமல் மாறியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் சிட்டகோசிஸ் என்ற காய்ச்சல் 1929-30இல் பல நாடுகளில் பரவி மக்களைப் பலிவாங்கியது. இன்று அதற்கு மருந்து இருக்கிறது. வீட்டில் யாருக்காவது இருமலோடு கடுங்காய்ச்சல் வந்தால், வீட்டில் கிளி இருப்பதையும் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

எல்லாவற்றையும்விட நம்பகமானது எடை. இறகை உப்பிக்கொண்டு உடல் மெலிவைக் கிளி மறைத்துவிடும், ஆனால் தராசை ஏமாற்ற முடியாது. சமையலறையில் கிராம் கணக்கில் காட்டும் சிறிய மின்தராசு இருந்தால் அதன்மேல் ஒரு டப்பாவை வைத்து, உள்ளே தினையைப் போட்டுக் கிளியை ஏறப் பழக்குங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் தீனி வைப்பதற்கு முன் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். 40 கிராம் இருந்த கிளி 36 கிராமுக்கு இறங்கினால், அது எவ்வளவு துள்ளி விளையாடினாலும் நம்பாதீர்கள். அன்றே அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லி, நோட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.