கணினியின் சுமையைக் குறைப்போம்



சுங்கை காடுட் வட்டாரத்துத் தோட்டங்களில் இன்று கணினி என்ற சொல் யாருக்கும் புதிதல்ல. பிள்ளைகளின் வீட்டுப்பாடம், மேற்படிப்பு விண்ணப்பம், வேலைக்கான மனு என யாவும் அதன் வழியே நடைபெறுகின்றன. ஆனால், பல வீடுகளில் இருப்பது பட்டணத்து உறவினர் கொடுத்த பழைய மடிக்கணினிதான். "இது நகரவே மாட்டேன் என்கிறது, புதிது வேண்டும்" என்று பிள்ளை கேட்கும்போது பெற்றோர் திகைத்து நிற்கின்றனர். 2025 பிப்ரவரியில் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் என்று உயர்த்தப்பட்டது. ஒரு நல்ல மடிக்கணினி அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே, கடைக்குப் போகுமுன் நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கெட்டுப்போனது பொறியா, அல்லது அதன்மேல் நாம் ஏற்றி வைத்த சுமையா?

கணினிக்குள் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று சேமிப்பகம். அதை அலமாரி என்று கொள்வோம். மற்றொன்று நினைவகம். அது வேலை செய்யும் மேசை. ஒரு நிரலைத் திறந்தால், அது அலமாரியிலிருந்து மேசைக்கு வருகிறது. மேசை நிரம்பிவிட்டால், கணினி சிலவற்றை அலமாரியில் வைத்துவிட்டு, வேண்டும்போதெல்லாம் எடுத்து எடுத்து வைக்கிறது. அலமாரிக்கும் மேசைக்கும் நடப்பதிலேயே பொழுது போய்விடுகிறது. "கணினி மெதுவாகிவிட்டது" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

பால்மரம் வெட்டிப் பழகிய குடும்பங்களுக்கு இதை விளக்குவது எளிது. காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் வாளிகள் தொங்கும். வாளியே அளவுக்கு மீறிக் கனத்தால், தோள் வலிக்குமே தவிர, பால் கூடாது. நிரலும் ஒரு வாளிதான். பிள்ளை எழுதும் கட்டுரையே பால்.

இந்த வாளி எவ்வளவு கனத்துவிட்டது என்று பாருங்கள். 1995 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 95 இயங்க 4 மெகாபைட்டு நினைவகம் போதும் என்று அதன் நிறுவனமாகிய மைக்ரோசாப்ட் அறிவித்தது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 கிகாபைட்டு வேண்டும். அதாவது, 26 ஆண்டுகளில் ஆயிரம் மடங்கு! கடிதம் மட்டும் கடிதமாகவே இருக்கிறது. பாஸ்கல் என்னும் கணினி மொழியை உருவாக்கிய சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லவுஸ் விர்த், பொறிகள் வேகம் பெறுவதைவிட விரைவாக நிரல்கள் பருத்து வருகின்றன என்று 1995-இலேயே எச்சரித்தார்.

கூடிய கனமெல்லாம் வீண் என்று சொல்லிவிடலாகாது. விண்டோஸ் 95-உடன் தமிழ் எழுத்துகள் வரவில்லை. விண்டோஸ் 2000 பதிப்பில்தான் வந்தன. அதுவரை நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற நிரல்களே தமிழில் எழுதக் கைகொடுத்தன. தமிழும் பாதுகாப்பும் நமக்குத் தேவையான கனம். ஆனால், கேளாமலே திறந்து கொள்ளும் விளம்பரமும், பயன்படுத்தாத நூறு வசதிகளும் தேவையற்ற கனம். இரண்டையும் பிரித்தறிவதே அறிவுடைமை.

இந்த வேறுபாடு இப்போது அவசரமாகிவிட்டது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கோ, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் குறிப்பிட்ட வகைச் செயலிச் சில்லும் வேண்டும். நன்றாக ஓடும் பழைய கணினிகள் பல இதனால் ஒதுக்கப்படுகின்றன. திருத்தம் பெறாத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பூட்டில்லாத வீட்டில் பணத்தை வைப்பதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? முதலில் செலவில்லாத வழி. கணினி விழித்தவுடன் தாமாகவே திறக்கும் நிரல்களை நிறுத்துங்கள். பயன்படாதவற்றை நீக்குங்கள். பி.டி.எஃப். பாடநூலைப் படிக்க மட்டும் பல நூறு மெகாபைட்டு நிரல் வேண்டுவதில்லை, சுமாத்ரா பி.டி.எஃப். என்ற இலவச நிரல் சில மெகாபைட்டுதான்.

அது போதாவிட்டால், இயங்குதளத்தையே மாற்றலாம். லினக்ஸ் மின்ட், லுபுந்து போன்றவை இலவசம். தொடர்ந்து திருத்தமும் பெறுகின்றன. லினக்ஸ் மின்ட்டுக்குக் குறைந்தது 2 கிகாபைட்டு நினைவகம் போதும். 4 இருந்தால் வசதி. கட்டுரை எழுத லிப்ரே ஆபிஸ் அதனுடனேயே வருகிறது. கல்வி அமைச்சின் டெலிமா தளத்தை உலாவியிலேயே திறக்கலாம்.

இதைப் பள்ளிக்கூடங்கள் செய்து பார்த்ததுண்டா என்று நீங்கள் கேட்கலாம். கேரளத்தில் உண்டு. அங்கே அரசுப் பள்ளிகளுக்கெனக் கைட் என்ற நிறுவனம், உபுந்து லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தை 2019-இல் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு வழங்க ஏற்பாடு செய்தது. ஏழைப் பிள்ளையும் அதே நிரலை வீட்டில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்பதே இதன் பெரும் பயன்.

ஆயினும், மாற்றுமுன் மூன்று செயல்கள் அவசியம். குடும்பப் படங்களையும் சான்றிதழ்களையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். அடுத்து, லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பாருங்கள். நிறுவாமலே வைஃபை, ஒலி, தமிழ் எழுத்து யாவும் சரியாக இருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ளலாம். மூன்றாவதாக, பிள்ளையின் படிப்புக்குக் குறிப்பிட்ட நிரல் எதுவும் கட்டாயமா என்று ஆசிரியரைக் கேளுங்கள். விண்டோசுக்கென எழுதிய சில நிரல்கள் லினக்ஸில் ஓடா. மேலும், காணொளி வகுப்பும் பல பக்கங்களும் ஒருசேரத் திறந்தால் எந்தச் சிறிய பொறியும் திணறும். இலேசான நிரல் அற்புதம் செய்வதில்லை. வீண் சுமையை இறக்கி வைக்கிறது, அவ்வளவே.

கைப்பேசி மட்டுமே உள்ள வீடுகளுக்கும் இது பொருந்தும். 2015-இல் ஃபேஸ்புக் நிறுவனமே தன் செயலிக்கு 'லைட்' என்ற சிறு வடிவத்தை வெளியிட்டது. அப்போது அது 1 மெகாபைட்டுக்கும் குறைவு. வாட்ஸ்அப்பில் படங்களும் காணொளிகளும் தாமே இறங்குவதை அமைப்பில் நிறுத்திவிட்டால், இடமும் தரவும் மிஞ்சும். ஆனால், 'வேகம் கூட்டுகிறோம், குப்பை அகற்றுகிறோம்' என்று வரும் செயலிகளிடம் எச்சரிக்கை தேவை. அவற்றில் பல விளம்பரச் சுமையையே கூட்டுகின்றன. திருட்டு நிரல்களும் வேண்டாம். நோய்க்கிருமி அவற்றோடு வந்து சேரும்.

பள்ளியில் நாம் காணும் உண்மை இதுதான். கணினி பழையது என்பதால் மட்டும் எந்தப் பிள்ளையும் பின்தங்குவதில்லை. அது திறக்கும்வரை காத்திருந்து சலித்து, மூடி வைத்துவிட்டுப் போகும்போதுதான் படிப்பு நிற்கிறது. எனவே, பெற்றோர்களே, புதிய பொறிக்குக் கடன் வாங்குமுன் இந்த வார இறுதியில் பிள்ளையோடு அமர்ந்து, வீட்டுக் கணினியில் என்னென்ன நிரல்கள் இருக்கின்றன என்று பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக, அது எதற்குப் பயன்படுகிறது என்று பிள்ளையே எழுதட்டும். பதில் எழுத முடியாதவற்றைப் பள்ளியில் காட்டிக் கேட்டபின் நீக்கலாம்.